பண்பு வேறு, அடிமைப் பணிவு வேறு

வன்னிப் பெருநிலப்பரப்பிலே இன்று இரு குரல்கள் ஒருங்கே எழுகின்றன. "படித்துவிட்டோம், சான்றிதழும் பெற்றுவிட்டோம், வேலை தருவார் இல்லை" என்று வாலிபரும் யுவதிகளும் முறையிடுகின்றனர். "வேலை இருக்கிறது, வேலைக்கேற்ற ஆட்கள்தாம் கிடைக்கவில்லை" என்று தொழில் நடத்துவோர் குறைகூறுகின்றனர். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் இவ்விரு குரல்களையும் கேளாத காது இல்லை. ஒருவர் மெய் சொல்கிறார், மற்றவர் பொய் சொல்கிறார் என்று தீர்ப்புக் கூறிவிடுவது எளிது. இருவர் கூற்றிலும் மெய் உண்டு என்பதே எமது துணிபு. அந்த மெய்யை ஆராய்ந்து பார்ப்பதே இவ்வாரம் நாம் மேற்கொண்ட பணி.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வன்னியின் வேலையில்லாமைக்கு மூலகாரணம் எமது இளைஞரின் குணக்குறை அன்று. 1950களிலே நிறுவப்பட்டு, நாடறிந்த தொழிலகமாக விளங்கிய பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை யுத்தத்தோடு அழிந்தது. 2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்தபோது வன்னி மக்கள் வீடிழந்து, வயலிழந்து, உற்றார் உறவினரை இழந்து செட்டிக்குளம் மெனிக் பாம் முகாம்களில் அடைபட்டுக் கிடந்தனர். அம்முகாம்கள் முற்றாக மூடப்பட்டது 2012 செப்டெம்பரிலேதான். தொழிலே இல்லாத இடத்தில் தொழிற்பண்பைப் பற்றி உபதேசம் செய்வது, நீர் வராத குளத்துக்குத் துருசு கட்டுவதை ஒக்கும். தொழில்களைக் கொணர்வது ஆட்சியாளர் கடமை; முதலுடையோர் கடமை. அக்கடமையிலிருந்து அவர்கள் நழுவிக்கொள்வதற்கு இவ்வாசிரிய உரை ஒரு சாட்டாக அமைதல் கூடாது.

ஆயினும், நிலம் இன்று முற்றிலும் வெறுமையாகக் கிடக்கிறது என்றும் சொல்வதற்கில்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் விவசாய பீடமும் இயங்குகின்றன. அதே அறிவியல் நகரில் ஜேர்மன் நாட்டின் உதவியோடு எழுந்த தொழிற்பயிற்சி நிறுவனம் 2016 முதல் இளைஞரைப் பயிற்றி வருகிறது. வவுனியா வளாகம் 2021 ஆகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் ஆடைத் தொழிற்சாலைகளில் எமது பெண்கள் பெருந்தொகையாக வேலை செய்கின்றனர். வங்கிகள், வைத்தியசாலைகள், கூட்டுறவுச் சங்கங்கள், வாகனத் திருத்தகங்கள் என்று வேலைத்தலங்கள் மெல்ல மெல்லப் பெருகுகின்றன. போதுமா என்றால் போதா. ஆனால் இருக்கின்ற இடத்தையும் எமது பிள்ளைகள் நழுவவிடுகின்றனர் என்றால், அதற்குக் காரணம் தேடாமல் இருப்பது அறிவுடைமை ஆகாது.

தொழில் நடத்துவோர் சொல்லும் குறைகள் யாவை? நேர்முகப் பரீட்சையில் விடை தெரிந்தும் வாய் திறப்பதில்லை. வேலைக்கு வரமுடியாத நாளை முன்கூட்டி அறிவிப்பதில்லை. பிழை நேர்ந்தால் மறைக்கின்றனர். மறைத்த பிழை மறுநாள் பெரும்பிழையாக வெளிப்படுகிறது. புரியாத கட்டளைக்கும் "ஓம்" என்று தலையசைத்துவிட்டு அப்பால் சென்று திகைக்கின்றனர். மேலாளர் ஒரு கடுஞ்சொல் சொன்னால் சொல்லாமலே நின்றுவிடுகின்றனர். இவற்றுள் ஒன்றேனும் கைத்திறனைப் பற்றிய குறையா என்று நோக்குக! எல்லாம் மனிதரோடு மனிதர் பழகும் திறத்தைப் பற்றியவை.

இத்திறங்களை இக்காலத்தார் மென்திறன்கள் என்று அழைக்கின்றனர். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தரைப்படையின் பயிற்சித் துறையினர், இயந்திரத்தைக் கையாளும் திறனை வன்திறன் என்றும், மனிதரையும் கடதாசியையும் கையாளும் திறனை மென்திறன் என்றும் பிரித்தனர். அன்று தொட்டு அச்சொல் உலகெங்கும் பரவிற்று. பெயரிலேதான் மென்மை, இயந்திரத்தைப் பழகுவதிலும் மனிதரைப் பழகுவது கடினம் என்பதை ஒரு நாளேனும் பலரோடு சேர்ந்து வேலை செய்தவர் அறிவர்.

சொல் புதிது, பொருள் பழையது. 1918இலே அமெரிக்காவில் கார்ணகி நிறுவனத்தின் பொருட்டுச் சாள்ஸ் மான் என்பார் பொறியியற் கல்வியைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார். ஒரு பொறியியலாளனின் வெற்றிக்கு வேண்டிய தகைமைகள் எவை என்று அத்தொழிலில் இருந்த ஆயிரக்கணக்கானோரிடம் வினவப்பட்டது. அவர்கள் விடைகளைத் தொகுத்தபோது நூற்றுக்குக் குணம் 24, சீர்தூக்கும் அறிவு 19½, காரியத்திறமை 16½, மனிதரை விளங்கிக்கொள்ளல் 15 என்று வந்தன. பாடநூல் அறிவுக்கு 15, தொழில்நுட்பத்துக்கு 10. முதல் நான்கும் சேர்ந்து 75! இது கருத்துக் கணிப்பேயன்றி அளந்து நிறுவிய உண்மை அன்று. ஆயினும், பாலமும் இயந்திரமும் அமைத்தவர்களே இவ்வாறு கூறினர் என்பது சிந்திக்கத்தக்கது. அமெரிக்காவுக்குப் போவானேன்? இனியவை கூறலுக்கும் காலமறிதலுக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்த வள்ளுவரை உடைய இனத்துக்கு இப்பாடம் புதிதாகுமா?

வன்னிக் கமக்காரருக்கு இது ஒருபோதும் புதிதன்று. இரணைமடுவின் கீழ் இருபதினாயிரம் ஏக்கருக்கு மேல் வயல் விளைகிறது. காலபோகத்துக்கு மழை துணை நிற்கும். சிறுபோகத்துக்குக் குளத்து நீரே கதி. குளத்தில் எத்தனை அடி நீர் நிற்கிறது, அது எத்தனை ஏக்கருக்குப் போதும், எவர் எவர் எவ்வளவு விதைப்பது, துருசு எந்நாளில் திறப்பது என்பனவெல்லாம் பயிர்ச்செய்கைக் கூட்டத்திலே பேசித் தீர்க்கப்படுகின்றன. பத்து ஏக்கர் உடையவரும் ஒரு ஏக்கர் உடையவரும் அங்கே எழுந்து பேசுகின்றனர். வாய்க்காலின் தலைப்பில் இருப்பவர் தம் முறை முடிந்ததும் மடையை அடைக்காவிட்டால் கடைவாய்க்காலில் இருப்பவரின் பயிர் கருகும். ஆகவே நேரம் தவறாமை அங்கே உயிர்க் கடமை. வரம்பு உடைந்ததைக் கண்டவர், அது தம் கவனக்குறைவால் உடைந்ததாயினும், உடனே அயலவரைக் கூவி அழைத்தல் வேண்டும்; மறைத்தால் பலர் வயலும் பாழாகும். இன்று சண்டையிட்ட அயலவரோடு நாளை சேர்ந்து வாய்க்கால் துப்புரவு செய்தே ஆக வேண்டும்.

நேரங்காத்தல், பிறர் சொல்வதைச் செவிமடுத்தல், தன் கருத்தைத் தெளிவாகச் சொல்லுதல், கூடி வேலை செய்தல், பிழையை ஒளிக்காது ஒப்புக்கொள்ளுதல், பிணக்கைப் பகையாக வளரவிடாமை. கொழும்பில் பணங்கொடுத்துப் படிக்கும் மென்திறன் வகுப்புகளின் பாடத்திட்டம் வேறு யாது? எழுத்தறியாத எமது பாட்டனார்கள் குளக்கட்டிலே நின்று கற்ற பாடம் அது. அப்படியானால், பேரப்பிள்ளை ஏன் அலுவலகத்திலே அதை மறந்து நிற்கிறான்?

இதற்கு மூன்று காரணங்களை நாம் காண்கிறோம்.

முதலாவது, எமது கல்விமுறை. பரீட்சை, பரீட்சைக்கு மேல் பரீட்சை, பாடசாலை விட்டால் தனியார் வகுப்பு என்று பிள்ளையின் பொழுது கழிகிறது. பத்தாண்டு, பன்னிரண்டு ஆண்டு வகுப்பிலே இருந்தும் ஒரு தடவையேனும் ஒரு கூட்டத்துக்குத் தலைமை தாங்காது, ஒரு கடிதத்தைத் தானே எழுதி அனுப்பாது, ஆசிரியரிடம் "எனக்கு விளங்கவில்லை" என்று சொல்லாது வெளியேறுகின்ற பிள்ளைகள் எத்தனை பேர்! கேள்வி கேட்கும் பிள்ளையை வாய்க்காரன் என்கிறோம். வாய் மூடி இருப்பவனை நல்ல பிள்ளை என்கிறோம். இருபது வயதிலே அவன் நேர்முகப் பரீட்சையில் வாய் திறக்கவில்லை என்று வருந்துகிறோம்.

இரண்டாவது, யுத்தம் விட்டுச்சென்ற மௌனம். 2009இல் ஆறு ஏழு வயதுக் குழந்தைகளாக முகாமிலே வரிசையில் நின்றவர்களே இன்று வேலை தேடி வருகின்றனர். அவர்கள் வளர்ந்த வீடுகளிலே, அதிகம் பேசாதே, பெயர் சொல்லாதே, எதையும் கேளாதே என்பதே உயிர் காக்கும் அறிவுரையாக இருந்தது. அன்று உயிர் காத்த அந்த மௌனம் இன்று வேலைத்தலத்திலே மந்தம் என்றும் அக்கறையின்மை என்றும் தவறாக மதிப்பிடப்படுகிறது. வெளியூரிலிருந்து வரும் முகாமையாளர் இதை அறியார். அறிந்த நாமேனும் அப்பிள்ளைகளைப் பழிப்பதை விட்டு, பேசினால் தீங்கு வராது என்ற நம்பிக்கையை அவர்களுக்கு ஊட்டுதல் வேண்டும்.

மூன்றாவது, உத்தியோகத்தைப் பற்றி எம்மிடம் ஊறிக்கிடக்கும் தப்பெண்ணம். அரசாங்க உத்தியோகம் ஒன்றே உத்தியோகம். ஏனையவை அதுவரையிலான காத்திருப்பு என்று எண்ணுகிறோம். தற்காலிகம் என்று எண்ணிச் செய்யும் வேலையிலே சிரத்தை எப்படிப் பிறக்கும்? முத்தையன்கட்டிலும் விசுவமடுவிலும் படித்த வாலிபர் குடியேற்றத் திட்டங்கள் தொடங்கிய காலத்தில், பேனா பிடித்த கை மண்வெட்டி பிடித்து மிளகாயும் வெங்காயமும் விளைவித்ததை வன்னி கண்டது. எத்தொழிலையும் தன் தொழிலாக மதித்துச் செய்பவனே எத்தொழிலிலும் உயர்கிறான் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

இனி மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. வேலைத்தலத்தில் பேசும் திறன் என்றவுடன் எம்மவர்க்கு ஒரு பழைய காயம் நினைவுக்கு வருதல் இயல்பே. 1956இன் சிங்களச் சட்டம் தமிழ் உத்தியோகத்தரின் திறமையை ஒரே நாளில் திறமையின்மையாக்கிற்று. சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்ற மறுத்தமையால் 1962இல் சம்பள உயர்வு நிறுத்தப்பட்ட அரசாங்க இலிகிதர் கோடீஸ்வரன் நீதிமன்றம் ஏறினார். 1964இல் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1967இல் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றிற்று. 1969இல் இலண்டன் பிரிவிக் கவுன்சில் உயர் நீதிமன்றத் தீர்ப்பைத் தள்ளி, வழக்கை மீண்டும் ஆராயுமாறு அனுப்பிற்று. மொழித்தேர்ச்சி என்ற பெயரால் ஓர் இனத்தையே தகுதியற்றதாக்கலாம் என்பதை எமக்குக் கற்பித்த வரலாறு அது.

அந்த வரலாற்றை மறவாமலே நாம் ஒன்று சொல்கிறோம். 1987இன் பதின்மூன்றாம் திருத்தத்தின்படி தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. புதிதாக அரசசேவையில் சேர்வோர் மற்றைய அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெறவேண்டும் என்று 2007இன் சுற்றறிக்கை விதித்தது. அவ்விதி தமிழ் உத்தியோகத்தரை மட்டும் கட்டுவதன்று. வன்னிக்கு வரும் சிங்கள உத்தியோகத்தரையும் கட்டும். தமிழிலே பேச, எழுத, விடைபெற உள்ள உரிமையில் நாம் ஓர் அணுவும் விட்டுக்கொடோம். அதே வேளை, திணிப்பின்றித் தன் விருப்பால் சிங்களமும் ஆங்கிலமும் கற்பவன் எதையும் இழப்பதில்லை. தன் உரிமையைக் கேட்பதற்கு மேலும் இரு நாவுகளைப் பெறுகிறான். ஆடைத் தொழிற்சாலையிலே மேற்பார்வையாளர் சொல்வதை விளங்கிக்கொள்ளும் பெண், தனக்கு இழைக்கப்படும் அநீதியையும் அவருக்கு விளங்கும் மொழியிலே எடுத்துச் சொல்லவல்லவள் ஆகிறாள்.

இங்கே நாம் மிக வற்புறுத்த விரும்பும் கருத்து ஒன்றுண்டு. வேலைத்தலப் பண்பு என்பது கூழைக்கும்பிடு அன்று. மேலாளர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவதும், மிகைநேர வேலைக்குரிய கூலியைக் கேளாதிருப்பதும், தகாத பேச்சையும் தகாத கையையும் பொறுத்துக்கொள்வதும் பண்பு ஆகா. சினங்கொள்ளாமலும் அஞ்சாமலும் "இது முறையன்று" என்று சொல்லக் கற்பதும், யாரிடம் எவ்வாறு முறையிடுவது என்று அறிந்திருப்பதும் பழகுதிறனின் பகுதிகளே. உழைப்பாளிக்குப் பணிவை மட்டும் கற்பித்து இவற்றை மறைக்கும் வகுப்பு, மனிதரைப் பயிற்றவில்லை, மாட்டைப் பழக்குகிறது.

அன்றியும், இப்பண்பு கீழே இருப்பவனிடம் மட்டும் எதிர்பார்க்கப்படுவது ஏன்? கச்சேரியிலும் பிரதேச செயலகத்திலும் கமநல சேவை நிலையத்திலும் விடியற்காலையில் வந்து காத்துநிற்கும் கமக்காரரிடம் "நாளைக்கு வாரும்" என்று முகம் பாராது சொல்லும் உத்தியோகத்தருக்கு இப்பயிற்சி வேண்டாமா? நாற்பது மைல் பஸ் ஏறி வந்தவருக்கு அந்த "நாளை" ஒரு நாட் கூலி. எமது வாசகர்களுள் பலர் உத்தியோகத்தர். அவர்களும் கமக்காரரின் பிள்ளைகளே. மேசைக்கு அப்பால் நிற்பவர் தம் தகப்பனாராக இருந்தால் எவ்வாறு பேசுவேன் என்று எண்ணிப் பார்க்குமாறு அவர்களை வேண்டுகிறோம்.

இன்னும் மேலே செல்வோம். 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. சேதனப் பசளை நன்றா தீதா என்பது வேறு விவாதம். நாட்டிலே நெல் விளைவிக்கும் மக்களை ஒரு வார்த்தை கேட்டிருந்தால், ஒரு போகத்துக்குள் அம்மாற்றம் நடவாது என்று அவர்கள் சொல்லியிருப்பர். கேட்பார் இல்லை. நவம்பரில் தடை கைவிடப்பட்டபோது காலபோகம் தொடங்கிவிட்டது, விளைச்சல் வீழ்ந்தது, நட்டம் கமக்காரர் தலையில் விழுந்தது. செவிமடுத்தல் என்ற ஒரு திறன் நாட்டின் அதியுயர் ஆசனத்தில் இல்லாமற்போனால் விளைவது என்ன என்பதை நாம் எல்லோரும் பட்டறிந்தோம். ஒரு தையல் யுவதியிடம் நாம் வேண்டும் பண்பை நாட்டை ஆள்வோரிடமும் வேண்டுவது மிகையாகுமா?

குறை கூறுவதோடு நின்றுவிடுதல் எமது வழக்கம் அன்று. செய்யத்தக்கன சிலவற்றை முன்வைக்கிறோம்.

பாடசாலைகளில் வாரம் ஒரு பாடவேளை மாணவர் தாமே கூட்டம் நடத்தி, தலைவரைத் தெரிந்து, அறிக்கை எழுதி, மாற்றுக்கருத்தைப் பொறுமையோடு கேட்டுப் பழகட்டும். இதையும் ஒரு பரீட்சைப் பாடமாக்கிக் கெடுத்துவிட வேண்டாம்.

தொழிற்பயிற்சி நிலையங்கள் பயிலுநரைத் தொடக்கம் முதலே தொழிலகங்களோடு பிணைத்தல் வேண்டும். ஜேர்மனியிலே பயிலுநர் வாரத்தின் சில நாளைப் பாடசாலையிலும் ஏனைய நாட்களைத் தொழிலகத்திலும் கழிக்கின்றனர். பழகுதிறன் பழகும் இடத்திலேதான் வரும். கரும்பலகையில் எழுதிப் போட்டு வராது.

தொழில் நடத்துவோர் வேலையின் நிபந்தனைகளைத் தமிழிலே எழுதிக் கொடுக்கட்டும். புதிதாய் வருபவர் கேள்வி கேட்கத்தக்க மூத்த தொழிலாளி ஒருவரை முதல் மூன்று மாதத்துக்குத் துணை வைக்கட்டும். கண்டிக்க நேர்ந்தால் தனியே அழைத்துக் கண்டிக்கட்டும். பலர் முன்னிலையில் அவமதிக்கப்பட்டவர் மறுநாள் வரமாட்டார்.

அரசாங்கக் கந்தோர்களில் மக்கள் அமர ஓர் ஆசனமும், அலுவல் முடியும் நாளை எழுதிக் கொடுக்கும் வழக்கமும் வேண்டும். 2016இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கேட்கும் உரிமையைத் தந்திருக்கிறது. கேட்பவரை எதிரியாக நோக்காத மனம் உத்தியோகத்தரிடம் தானாக வரவேண்டும்.

கடைசியாகப் பெற்றோருக்கும் கமக்காரருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் மகனையும் மகளையும் பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். கமக்காரர் அமைப்பின் கூட்டக் குறிப்பை எழுதும் பொறுப்பை ஓர் இளைஞரிடம் கொடுங்கள். பெரியவர்கள் எவ்வாறு வாதிடுகிறார்கள், எவ்வாறு விட்டுக்கொடுக்கிறார்கள், கோபித்து எழுந்தவர் எவ்வாறு மீண்டும் வந்து அமர்கிறார் என்பதை அவர்கள் கண்ணாற் காணட்டும். ஒரு தடவையேனும் எழுந்து நின்று நாலு வார்த்தை பேசட்டும். குளக்கட்டிலே பேசப் பழகிய பிள்ளை கொழும்பிலும் பேசும், கனடாவிலும் பேசும், தன் உரிமை மறுக்கப்படும் இடத்திலும் பேசும்.

வேலை இல்லை என்ற குரலுக்கு விடை சொல்லும் பொறுப்பு ஆட்சியாளரையும் முதலாளரையும் சார்ந்தது. அதை நாம் இடைவிடாது கேட்டுக்கொண்டே இருப்போம். ஆளில்லை என்ற குரலுக்கு விடை சொல்லும் பொறுப்பில் எமக்கும் பங்குண்டு. அதற்கு எவரது அனுமதியும் வேண்டியதில்லை. அடுத்த போகத்துக்கான கூட்டத்துக்கு நாள் குறிக்கப்பட்டதும், அன்றே அதைத் தொடங்கலாம்.